திருவலம் வரை சரி, ஏலகிரி ஏற முடியுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 44. வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியை. எட்டு மாதத்துக்கு முன்னால் கியர் சைக்கிள் வாங்கினேன். தினமும் காலையில் 12 கி.மீ. ஓட்டுகிறேன். ஆரம்பத்தில் 50 நிமிடம் ஆனது, இப்போது 36 நிமிடத்தில் முடித்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழுவோடு திருவலம் போய் வருவேன், 30 கி.மீ. எந்தப் பிரச்சினையும் இல்லை. போன மாதம் ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் அமிர்திக்குப் போனோம். கணியம்பாடி தாண்டியதும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கடைசியில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன். திரும்பும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அப்புறம் மூன்று நாள் முட்டியின் முன்பக்கம் வலி, மாடிப்படி இறங்க முடியவில்லை. பொங்கல் லீவில் குழு ஏலகிரி போகிறது, எனக்கும் ஆசை. தினமும் 20 கி.மீ. என்று கூட்டிவிடலாமா? தொடைக்கு ஜிம் போக வேண்டுமா? இல்லை, இந்த வயசில் மலையெல்லாம் வேண்டாமா? சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

முதலில் ஒரு திருத்தம். நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். காட்பாடியில் முட்டி, இடுப்பு, தோள்பட்டை என்று பார்த்துக்கொண்டிருப்பவன், மிச்ச நேரத்தில் சைக்கிள் ஓட்டுபவன். அதனால் ரத்தம், மாத்திரை என்று பேச்சு வரும் இடத்தில் உங்கள் டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். மற்றதற்கு நான் பொறுப்பு.

வயசு காரணம் இல்லை. உங்களைவிடப் பத்து வயது மூத்தவர்கள் நிதானமாக ஏலகிரி ஏறி, மேலே டீ குடித்துவிட்டு இறங்குகிறார்கள். ஜிம்மும் அவசரமில்லை. தினமும் 20 கி.மீ. மட்டும் வேண்டவே வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது: 50 நிமிடம் 36 ஆனது. அதைப் பெருமையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், பெருமைப்பட வேண்டியதும்தான். ஆனால் எட்டு மாதமாக நீங்கள் தினமும் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். பாடம் நடத்தவே இல்லை. அப்படி ஒரு வகுப்பை நீங்கள் நடத்துவீர்களா?

மூச்சு வாங்க வாங்க அரை மணி நேரம் ஓட்டினால் அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும் உடம்பு பழகிக்கொள்ளும். நீண்ட தூரத்துக்கும் மலைக்கும் வேண்டியது வேறு. தசை நாரைச் சுற்றி நுண்ணிய ரத்தக் குழாய்கள் கூட வேண்டும், செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருக வேண்டும், கொழுப்பை எரித்து ஓடும் பழக்கம் தசைக்கு வர வேண்டும். இதெல்லாம் நிதானமாக, நீண்ட நேரம் ஓட்டும்போதுதான் நன்றாக நடக்கிறது. ஒரு வாரத்தில் வந்துவிடாது, மாதக்கணக்கில்தான் வரும். வேகமாக ஓட்டும்போது உடம்பு பெரும்பாலும் கையிருப்பிலுள்ள மாவுச்சத்தைத்தான் எடுக்கிறது. தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்து அது நம்மிடம் ஏறக்குறைய 400, 500 கிராம்தான் இருக்கும். 36 நிமிட ஓட்டத்தில் அதன் அடியை நீங்கள் பார்த்ததே இல்லை. அமிர்தி ரோட்டில்தான் முதல் தடவை பார்த்திருக்கிறீர்கள்.

நிதானம் என்றால் எவ்வளவு நிதானம்? இதயத்துடிப்பு பார்க்கும் வாட்ச் எதுவும் வாங்க வேண்டாம். பள்ளி விட்டதும் கேட்டுக்கு வெளியே நின்று பாருங்கள். விலையில்லா சைக்கிளில் பிளஸ் ஒன் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக, விட்ட கதையைத் தொடர்ந்து பேசிக்கொண்டே போவார்கள். ரோட்டை அடைத்துக்கொண்டு போகிறார்கள் என்று நாம் திட்டுகிறோமே, அதே வேகம்தான். முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். நடுவில் மூச்சுக்காக நிறுத்தினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். முதல் இரண்டு வாரம் உங்களுக்கு இது வெட்கமாக இருக்கும், பால்காரர் முந்திக்கொண்டு போவார். போகட்டும்.

இனி உங்கள் படம். இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. பெடல் கீழே இருக்கும் நிலையிலேயே உங்கள் முட்டி நன்றாக மடங்கியிருக்கிறது. சீட் குறைந்தது இரண்டு விரற்கடை தாழ்வு. ஏன் அப்படி வைத்திருக்கிறீர்கள் என்றும் தெரியும்: உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும். நம் ஊரில் பெண்கள் பெரும்பாலும் அப்படித்தான் சைக்கிள் கற்றுக்கொள்கிறார்கள், விழாமல் இருக்க அது நல்ல யோசனையும்கூட. ஆனால் மடங்கிய முட்டியோடு பலமாக மிதிக்கும்போது முட்டிச்சில்லு கீழே உள்ள எலும்பின் மேல் அதிகமாக அழுந்துகிறது. சமதளத்தில் 30 கி.மீ. பொறுத்துக்கொண்ட முட்டி ஏற்றத்தில் பொறுக்கவில்லை. முட்டியின் முன்பக்கம் வலி, அதுவும் படி இறங்கும்போது என்றால் நான் முதலில் பார்ப்பது சீட்டைத்தான்.

சரிசெய்வது இப்படி. ஹாலில் சுவர் ஓரமாக சைக்கிளை நிறுத்தி, ஒரு கையைச் சுவரில் ஊன்றி சீட்டில் உட்காருங்கள். செருப்பில்லாமல் அல்ல, ஓட்டும்போது போடும் ஷூவோடு. குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். பெடல் ஆகக் கீழே வரும்போது கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அதுதான் உயரம். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டியில் தானாகவே லேசான மடக்கு வந்துவிடும். ஒரே நாளில் முழுவதும் உயர்த்தாதீர்கள். வாரத்துக்கு அரை விரற்கடை போதும். சீட் கம்பியில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். உயர்த்திய பின் முட்டிக்குப் பின்னால் இழுத்தால் அதிகமாக ஏற்றிவிட்டீர்கள், கொஞ்சம் இறக்குங்கள்.

நிற்கும்போது என்ன செய்வது? சீட்டில் உட்கார்ந்தபடியே நிற்பதை விட்டுவிட வேண்டும். பிரேக் பிடித்து, சீட்டிலிருந்து முன்னால் நழுவி, ஒரு காலைத் தரையில் வைக்க வேண்டும். காலி மைதானத்தில் நாலு சாயங்காலம் பழகினால் வந்துவிடும். தொண்ணூறுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் வளர்ந்த பிறகுதான் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள், பலர் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளிலேயே. உங்களுக்கு நாலு சாயங்காலம் ஒரு விஷயமே இல்லை.

படத்தில் நான் கவனித்த இன்னொன்று, செயின் முன்பக்கம் பெரிய பல்சக்கரத்தில் இருக்கிறது. உங்கள் சைக்கிளில் முன்னால் மூன்று இருக்கின்றன. இந்த ரகத்தில் வழக்கமாக 42, 34, 24 பற்கள் வரும், பின்னால் பெரியதற்கு 28 பற்கள். ஒரு தடவை எண்ணிப் பாருங்கள், அஞ்சு நிமிட வேலை. அமிர்தி ரோட்டிலும் பெரிய சக்கரத்திலேயேதான் ஓட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கேட்டால் பலரும் “சின்னது எதுக்கு சார், அது சும்மா சுத்தும்” என்பார்கள். மலையில் அப்படிச் சும்மா சுற்றுவதுதான் வேண்டும்.

நீங்களும் சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மலை ரோடு 100 மீட்டருக்கு 6 மீட்டர் எழும்புகிறது. உங்களால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கக்கூடிய சக்தியில் மிதித்தால் மணிக்கு 6 கி.மீ. கிடைக்கும், அதாவது நிமிடத்துக்கு 100 மீட்டர். நடையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அந்த வேகத்தில் பெரிய சக்கரத்தில் நிமிடத்துக்கு 31 சுற்றுதான் மிதிக்க முடியும். சின்ன சக்கரத்தில் 54 சுற்று. வேகமும் அதே, மலையும் அதே. ஆனால் பெரிய சக்கரத்தில் ஒவ்வொரு மிதிக்கும் ஒண்ணே முக்கால் மடங்கு அழுத்தம் தேவை. ஒரு மூட்டையை ஒரே தூக்கில் மாடிக்கு ஏற்றுவதற்கும் இரண்டு பையாகப் பிரித்து ஏற்றுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். முட்டியைக் கேட்டால் இரண்டு பை என்றுதான் சொல்லும். தொடைக்கு ஜிம் வேண்டுமா என்றீர்களே, அந்தத் தொடை முதலில் 24 பல் சக்கரத்தைக் கேட்கிறது.

கியர் மாற்றுவதையும் பழகிக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் பாதி போன பிறகு, பலமாக மிதித்துக்கொண்டே முன் கியரை மாற்றினால் செயின் கழன்று விழும். ரோடு எழும்பத் தொடங்கும் முன்பே, கால் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு மாற்ற வேண்டும்.

இனி ரத்தம். சமதளத்தில் சரியாக ஓட்டுபவர் லேசான ஏற்றத்திலேயே மூச்சு வாங்கி இறங்கிவிட்டார் என்றால், அவர் பெண் என்றால், ஹீமோகுளோபின் பார்த்தீர்களா என்று கேட்காமல் நான் விடுவதில்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகைதான். தசைக்கு ஆக்ஸிஜனைச் சுமந்து போவது ஹீமோகுளோபின்தான் என்பதால், குறைந்திருந்தால் எந்தப் பயிற்சித் திட்டமும் பாதிதான் பலிக்கும். நாற்பதைத் தாண்டிய வயதில் மாதவிலக்கு அதிகமாகப் போகிறதென்றால் இன்னும் கவனம். ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள், அப்படியே பிரஷரும் சுகரும் பார்த்துவிடுங்கள். சாப்பாட்டோடு டீ, காபி குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், அது உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. ஓட்டும்போது நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சிரைப்பு வந்தால் அன்றைக்கு சைக்கிளை அங்கேயே நிறுத்திவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குழுவில் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

சரி, திட்டத்துக்கு வருவோம். இப்போது ஆடி. பொங்கலுக்கு ஏறக்குறைய 24 வாரம் இருக்கிறது. தாராளம்.

வாரத்துக்கு நாலு நாள் ஓட்டினால் போதும். தினமும் வேண்டாம். ஓட்டும்போது உடம்புக்கு வேலை வைக்கிறோம், பலம் வருவது ஓய்வில்தான். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் முக்கால் மணி நேரம், பிளஸ் ஒன் பிள்ளைகள் வேகத்தில். கி.மீ. கணக்குப் பார்க்காதீர்கள், நேரத்தை மட்டும் பாருங்கள். ஞாயிறு நீண்ட ஓட்டம், அதற்கு மட்டும் கி.மீ. கணக்கு: முதல் மூன்று வாரம் 30, 33, 36. நாலாவது வாரம் 25க்கு இறங்கிவிடுங்கள். அடுத்த நாலு வாரம் 36, 40, 44, மறுபடி 30. அதற்கடுத்து 44, 48, 52, 35. அந்த நாலாவது வார இறக்கத்தை “உடம்பு நல்லாத்தானே இருக்கு” என்று பலரும் தாண்டிவிடுவார்கள். தாண்டாதீர்கள். மூச்சு மூன்று வாரத்தில் தேறிவிடும், தசை இரண்டு மாதத்தில். எலும்போடு தசையைக் கட்டி வைத்திருக்கும் தசைநாண் இருக்கிறதே, அது ரொம்ப மெதுவான பிராணி. மூச்சு தயார் என்று சொல்லும்போது தசைநாண் இன்னும் தயாராகியிருக்காது. என் டேபிளில் வந்து படுக்கும் சைக்கிள்காரர்களில் பாதிப் பேர் இந்த இடைவெளியில் விழுந்தவர்கள்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? 52 கி.மீ. என்று நான் 11வது வாரத்தில் வைத்திருப்பதைத்தான் போன மாதம் அமிர்திக்கு ஒரே தாவலில், ஏற்றத்தோடு சேர்த்துத் தாண்டினீர்கள். 30க்குப் பழகிய உடம்பிடம் தூரத்தையும் கூட்டி மேட்டையும் கூட்டினால் அது கையை விரிக்கத்தான் செய்யும். அதனால்தான் முதல் 12 வாரம் தூரம் மட்டும். மேடு பிறகு.

ஆனால் ஆடிக்காற்றை வீணாக்க வேண்டாம். இந்த மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று பாலாற்றுப் பள்ளத்தாக்கு வழியாக நேராக முகத்தில் மோதும். விரிஞ்சிபுரம், பள்ளிகொண்டா பக்கம் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது தள்ளிவிடும் காற்று. பாலாறும் மேற்கிலிருந்து கிழக்கே போகும் ஆறுதானே, ஆகவே போகும்போது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏற்றமும் உண்டு. சமவெளிக்காரர்களுக்கு எதிர்க்காற்றுதான் மலை. கியரைக் குறைத்து, வேகம் மணிக்கு 12, 13 கி.மீ.க்கு விழுந்தாலும் அலட்டிக்கொள்ளாமல் ஒரே சீராக மிதிக்கும் பழக்கம் அதில் வரும். மலையேறத் தேவையான பொறுமையும் அதுவேதான். நெடுஞ்சாலையில் லாரிகளோடு போகாமல் சர்வீஸ் ரோட்டிலும் ஊர் ரோட்டிலும் போங்கள், பின்னால் சிவப்பு விளக்கு எரியட்டும். விரிஞ்சிபுரத்துச் சாமிக்கு மார்க்கபந்தீஸ்வரர் என்று பெயர், தமிழில் வழித்துணைநாதர். வேலூர் சைக்கிள்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சாமி கிடையாது. மதிலழகைப் பார்த்துக்கொண்டே வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம்.

அக்டோபர் நடுவில், 13வது வாரம், மறுபடி அமிர்தி. அதே ரோடு, உயர்த்திய சீட், சின்ன பல்சக்கரம், பேசிக்கொண்டே போகும் வேகம். இந்தத் தடவை தள்ளிக்கொண்டு போக மாட்டீர்கள். அடுத்த வாரங்களில் அதே தூரம்தான், ஆனால் மலையடிவாரத்தில் ரோடு எழும்பும் கடைசி இரண்டு கி.மீ. மட்டும் திரும்பி இறங்கி இரண்டாவது தடவை ஏறுங்கள். பிறகு மூன்று தடவை. வார நாளில் ஒரு நாள் மட்டும், வண்டி குறைவாகப் போகும் ஏதாவது ஒரு மேம்பாலத்தில் ஏறி இறங்கலாம். மேம்பாலம் பொதுவாக 30 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும், ஏலகிரியின் சரிவில் ஏறக்குறைய பாதி. காட்பாடி ரயில்வே மேம்பாலம் மட்டும் வேண்டாம். விடியும்போதே பஸ் நெரிசல், எனக்கே அங்கே சாமி பெயர் வாயில் வருகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் மழை வரும், சில ஞாயிறு போய்விடும். விட்டதை அடுத்த வாரம் சேர்த்து ஓட்டி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். விட்டது விட்டதுதான், அதே இடத்திலிருந்து தொடருங்கள். அந்த நாட்களில் வீட்டு மாடிப்படி இருக்கிறது. நிதானமாக ஏறி இறங்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி நிறுத்துவது, ஒவ்வொன்றும் 12 தடவை, மூன்று சுற்று, வாரத்துக்கு இரண்டு நாள். இதுதான் உங்கள் ஜிம். படி இறங்கும்போது முட்டி வலி இப்போதும் இருந்தால் மட்டும், அது போகும்வரை படிப் பயிற்சி வேண்டாம்.

டிசம்பரில் ஒரு ஒத்திகை. குழுவாக ஒரு சின்ன யானை (மினி லாரி) பேசி, சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு வாணியம்பாடி வரை போய், அங்கிருந்து ஆலங்காயம் வழியாகக் காவலூர் ஏறுங்கள். 1986இல் நிறுவிய பெரிய தொலைநோக்கி இருக்கும் வைனு பாப்பு வானாய்வகம் அங்கேதான், ஜவ்வாது மலையில், 725 மீட்டர் உயரத்தில். ஏலகிரி 1,100 மீட்டரைத் தொடுவதால் இது அதற்கு நல்ல முன்படி. பிள்ளைகளிடம் போய்ச் சொல்லவும் ஒரு கதை கிடைக்கும்.

சாப்பாடு. இதில் என் சொந்த அவமானம் ஒன்று இருக்கிறது. முதல் தடவை ஏலகிரி போனபோது, வழியில் ஆம்பூர் வருகிறதே, எப்படி விடுவது? பத்தரை மணிக்கு ஒரு பிளேட் மட்டன் பிரியாணி, கத்திரிக்காய் தொக்கு, தயிர் வெங்காயம். பன்னிரண்டு மணி வெயிலில் மலையடிவாரத்துப் பொன்னேரியில் ஏறத் தொடங்கினேன். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மதில்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேற்கொண்டு விவரம் வேண்டாம். பக்கத்தில் இரண்டு குரங்குகள் அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. பிரியாணி மேல் குற்றமில்லை, கொழுப்பும் மசாலாவும் செரிக்க வயிற்றுக்கு ரத்தம் வேண்டும், அதே ரத்தத்தை அந்த நேரத்தில் தொடை கேட்கிறது. பிரியாணியை இறங்கி வரும்போது சாப்பிடுங்கள்.

கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மூன்று இட்லி, காரமில்லாமல். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு நடுவில் எதுவும் தேவையில்லை. அதற்கு மேல் போனால், பசிக்கும் முன்பே, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம். ஆக அரை மணிக்கு ஒரு பழம், அல்லது மணிக்கு இரண்டு கடலை மிட்டாயும் நாலைந்து பேரீச்சையும். பசி தெரிந்த பிறகு சாப்பிட்டால் அது தசைக்குப் போய்ச் சேருவதற்குள் மலை முடிந்துவிடும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், வெயில் ஏறினால் கொஞ்சம் கூட. வேலூர் வியர்வையில் உப்பு நிறையப் போகும். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, குமட்டல் வரும். ஒரு பாட்டிலில் தண்ணீர், இன்னொன்றில் எலுமிச்சை, உப்பு, சர்க்கரை, அல்லது மருந்துக்கடை ஓஆர்எஸ். ஒரு பாக்கெட்டை அட்டையில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், பாதித் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்தால் வயிற்றைப் புரட்டும். கெண்டைக்கால் பிடிப்புக்கு உப்புதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். உங்கள் விஷயத்தில் பழக்கமில்லாத பாரம்தான் பெரிய காரணம். பிடித்துக்கொண்டால் இறங்கி, குதிகாலைத் தரையில் அழுத்தி, முன்பாதத்தை மேல்நோக்கி இழுத்து அரை நிமிடம் வையுங்கள்.

இனி அந்த நாள். வேலூரிலிருந்து ஏலகிரி ஏறக்குறைய 90 கி.மீ. இங்கிருந்தே ஓட்டி வருவோம் என்று குழுவில் வீரம் பேசுபவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரை ஓட்டி வரச் சொல்லுங்கள். நீங்கள் சின்ன யானையில் போய் அடிவாரத்தில் இறங்குங்கள். முந்தின வாரம் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்திருக்க வேண்டும். விடியற்காலையில் தொடங்குங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகள், புலவர்கள், வள்ளல்கள் பெயரில். தமிழ் எடுப்பவராக இருந்தால் வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்க நல்ல சாக்கு. முதல் இரண்டு வளைவில் எல்லோரும் உங்களை முந்துவார்கள். கண்டுகொள்ள வேண்டாம், அவர்களில் இரண்டு பேரை ஏழாவது வளைவுக்கு மேல் பார்ப்பீர்கள்.

மொத்தத்தில் 500 மீட்டருக்கு மேல் உயரம், உங்கள் எடைக்கு 400 கலோரி அளவு, எட்டு இட்லி. நின்று நின்று போனாலும் இரண்டு மணி நேரம். இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்ஓரம் ரொம்பச் செங்குத்தாக இருக்கும், பின்னால் வண்டி இல்லையென்றால் கொஞ்சம் விலகி நம் பாதையின் நடுவில் ஏறுங்கள். பஸ் வந்தால் ஏறிக்கொண்டே வழிவிட முயல வேண்டாம், அகலமான இடத்தில் நின்றுவிடுங்கள், அதற்கு வளைவு முழுவதும் வேண்டும். பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், மேலே சொன்ன அந்தக் குரங்குகளின் சொந்தக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இறக்கத்தில் அசதியால்தான் விழுகிறார்கள். போகும் முன் பிரேக் கட்டைகளைக் கடையில் காட்டிவிடுங்கள். வளைவுக்குள் பிரேக் பிடிக்கக் கூடாது, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் சேர்த்து விட்டு விட்டுப் பிடியுங்கள். தொடர்ந்து பிடித்தே இறங்கினால் சூடேறிப் பிடிப்புக் குறையும். கை மரத்துப்போனால் நின்று உதறிவிட்டு இறங்குங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டுதான்: சீட்டை அரை விரற்கடை உயர்த்துவது, ரத்தப் பரிசோதனைக்குக் கொடுப்பது. முட்டி வலி இரண்டு வாரத்தில் குறையவில்லை, அல்லது வீக்கம் தெரிகிறது என்றால் அருகிலுள்ள பிசியோதெரபிஸ்டிடம் நேரில் காட்டுங்கள், படம் பார்த்துச் சொல்வதற்கு ஒரு எல்லை உண்டு. ஹீமோகுளோபின் எவ்வளவு வந்தது என்றும், பின்னால் பெரிய சக்கரத்தில் எத்தனை பல் எண்ணினீர்கள் என்றும் எழுதுங்கள். 28க்குப் பதில் 34 பல் சக்கரம் போட முடியுமா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.